திங்கட்கிழமை மூடும் அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமையே அழைத்துப்போனது குறித்துப் புகார்

அனுப்புநர்
மே மாதக் குடும்பச் சுற்றுலா வாடிக்கையாளர் (ஐந்து பேர்),
பெரம்பூர், சென்னை.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தியாகராய நகர் கிளை, சென்னை.

பொருள்: கொல்கத்தா – டார்ஜிலிங் – காங்டாக் சுற்றுலாவில் சேவைக் குறைபாடு, பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

மே மாதம் உங்கள் நிறுவனம் மூலமாக நாங்கள் மேற்கண்ட சுற்றுலா போய்வந்தோம். நான், கணவர், பத்தாம் வகுப்புத் தேர்வு முடித்த மகன், மாமனார், மாமியார். தலைக்கு 41,000 ரூபாய் வீதம் 2,05,000 ரூபாய் கட்டினோம். சீன எல்லையில் இருக்கும் நாதுலா கணவாய்க்கென்று தனியாகத் தலைக்கு 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டீர்கள். திரும்பி வந்ததும் உங்கள் கிளைக்குப் போன் செய்தேன். "டூர்னா கொஞ்சம் முன்னப்பின்னதான் இருக்கும் மேடம்" என்று பதில் வந்தது. அதனால் எழுத்தில் தருகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மழைக்கும் பனிமூட்டத்துக்கும் நான் உங்களைக் குறை சொல்ல வரவில்லை. சாப்பாட்டைப் பற்றியும் எழுதப்போவதில்லை. டார்ஜிலிங்கில் போய்ச் சாம்பாரில் குறை காண்பது நியாயமில்லை என்று மாமியாரே சொல்லிவிட்டார். என் புகார், உங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்த பயணத் திட்டத்தைப் பற்றியது. எந்த இடம் எந்தக் கிழமை மூடியிருக்கும், எந்த அனுமதியை எப்போது வாங்க வேண்டும், மலைப்பாதையில் எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்க்காமலே அதைத் தயாரித்திருக்கிறார்கள்.

கொல்கத்தாவில் தொடங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை முற்பகலிலேயே போய் இறங்கிவிட்டோம். அன்று பிற்பகலுக்கு உங்கள் திட்டம்: "ஓட்டலில் ஓய்வு, நியூ மார்க்கெட்டில் ஷாப்பிங்". மறுநாள் திங்கட்கிழமைக்கு: "இந்திய அருங்காட்சியகம், விக்டோரியா நினைவகம்". இரண்டுக்குமே திங்கட்கிழமைதான் வார விடுமுறை. இது திடீரென்று வந்த அறிவிப்பு அல்ல, எத்தனையோ ஆண்டுகளாக நடைமுறையில் இருப்பது. என் மாமனார் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். 1814-இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்தைப் பற்றி ஆண்டுதோறும் வகுப்பில் பேசியவர். அங்கே இருக்கும் எகிப்திய மம்மியைப் பேரனுக்குக் காட்டவேண்டும் என்று கிளம்பும்போதே சொல்லிக்கொண்டிருந்தார். பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று உங்கள் வழிகாட்டி, "அடுத்த தடவை பார்த்துக்கலாம் சார்" என்றார். மாமனாருக்கு எழுபத்தி மூன்று வயது. விக்டோரியா நினைவகத்திலும் அரங்குகளுக்குள் போக முடியாமல் தோட்டத்தைச் சுற்றிவிட்டு வந்தோம்.

எனக்கு ஆத்திரம் வந்தது எதனால் என்றால், இதைச் சரிசெய்ய ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவாகியிருக்காது. நியூ மார்க்கெட்டிலிருந்து அருங்காட்சியகத்துக்கு நடந்தே போய்விடலாம், ஞாயிற்றுக்கிழமை அது திறந்திருந்தது. ஞாயிறு பிற்பகலில் அருங்காட்சியகம், திங்கட்கிழமை தட்சிணேஸ்வரமும் பேலூர் மடமும், அப்புறம் ஹௌரா பாலம் என்று மாற்றிப் போட்டிருந்தால் எல்லோருக்கும் எல்லாம் கிடைத்திருக்கும். அன்றிரவு சியால்தாவிலிருந்து டார்ஜிலிங் மெயிலைப் பிடிப்பதிலும் எந்தச் சிரமமும் வந்திருக்காது.

டார்ஜிலிங்கில் ஓட்டல் நன்றாக இருந்தது. பொம்மை ரயிலில் கும் வரை போய்வரும் சவாரிக்கு டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தீர்கள், அதற்கு நன்றி. 1881 முதல் ஓடும் அந்த ரயிலும், 7,407 அடி உயரத்தில் இருக்கும் கும் நிலையமும்தான் இந்தச் சுற்றுலாவில் என் மகன் இன்னமும் பேசுகிற விஷயம். ஆக, மனது வைத்தால் உங்களுக்கு முன்யோசனை வருகிறது.

ஆனால் புதன்கிழமை மிரிக், வியாழக்கிழமை உயிரியல் பூங்கா என்று போட்டிருந்தீர்கள். டார்ஜிலிங்கின் பத்மஜா நாயுடு இமாலய உயிரியல் பூங்காவுக்கு வியாழக்கிழமை விடுமுறை. செம்பாண்டாவும் பனிச்சிறுத்தையும் பார்க்கத்தான் மகன் வந்தான். அதே வளாகத்தில்தான் 1954-இல் தொடங்கிய இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனமும், டென்சிங் நோர்கேயின் நினைவிடமும் இருக்கின்றன. அதிகாலை டைகர் ஹில்லுக்கு எழுந்து போய்விட்டு, படாசியா லூப் பார்த்துவிட்டு, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பூங்கா வாசலில் போய் நின்றால் ஆள் அரவமே இல்லை. புதனையும் வியாழனையும் இடம் மாற்றியிருந்தால் போதும், மிரிக் ஏரி எங்கேயும் ஓடிப்போய்விடாது. ஒரே பயணத்தில் இரண்டாவது முறையாகப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

டைகர் ஹில்லில் கஞ்சன்ஜங்கா சிகரம் தெரியவில்லை. மே மாதத்தில் அங்கே மேகமும் மூட்டமும் இருப்பது சகஜம், அக்டோபர், நவம்பரில்தான் வானம் தெளிவாக இருக்கும் என்று ஓட்டுநர் சொன்னார். இயற்கைக்கு நீங்கள் பொறுப்பில்லை, சரி. ஆனால் மே மாதப் பயணத்துக்கான துண்டறிக்கையில் "கஞ்சன்ஜங்கா தரிசனம் உறுதி" என்று அச்சடித்ததற்கு யார் பொறுப்பு?

இனி நாதுலா. நாங்கள் இந்தச் சுற்றுலாவைத் தேர்ந்தெடுக்க அதுதான் காரணம். உங்கள் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்ததும் அதுதான். சீன எல்லையில் 14,140 அடி உயரத்தில் இருக்கும் அந்தக் கணவாய்க்கு திங்கள், செவ்வாய்க் கிழமைகளில் சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி கிடையாது. நீங்கள் போட்டிருந்தது சனிக்கிழமை. மொத்தத் திட்டத்தில் கிழமை சரியாக அமைந்தது இங்கே மட்டும்தான்.

சரியான கிழமை மட்டும் போதாது. அங்கே போகப் பாதுகாக்கப்பட்ட பகுதிக்கான அனுமதிச் சீட்டு வேண்டும். அதைச் சிக்கிமில் பதிவுபெற்ற ஏஜென்ட் மூலமாக, அடையாள அட்டை நகலும் பாஸ்போர்ட் அளவுப் புகைப்படமும் கொடுத்து, முந்தைய நாளே வாங்க வேண்டும். எங்களிடம் நீங்கள் புகைப்படம் கேட்கவே இல்லை. முன்பதிவின்போது கேட்கவில்லை, வாட்ஸ்அப் குழுவில் "ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று மாறி மாறிச் செய்தி அனுப்பியபோதும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை முற்பகல் பொம்மை ரயில், பிறகு தேயிலைத் தோட்டம், மதியச் சாப்பாடு எல்லாம் முடித்துவிட்டுத்தான் டார்ஜிலிங்கிலிருந்து கிளம்ப வைத்தீர்கள். "காங்டாக் வரை இரண்டரை மணி நேரம்" என்று திட்டத்தில் இருக்கிறது. நூறு கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம் என்பது திண்டிவனம் ரோட்டுக் கணக்கு. தீஸ்தா பள்ளத்தாக்கில் இறங்கி, ரங்போ சோதனைச் சாவடி தாண்டி மறுபடி ஏறுகிற பாதைக்கு அது செல்லாது. நாலைந்து மணி நேரம் ஆகும் என்பது அந்த வழியில் வண்டி ஓட்டும் எவருக்கும் தெரியும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருட்டி வெகுநேரம் ஆகிவிட்டது. உங்கள் உள்ளூர் ஏஜென்ட் போனை எடுத்து, "போட்டோ, ஐடி எதுவும் எனக்கு வரலையே, இனிமே பர்மிட் கிடைக்காது" என்றார். நாதுலா போகும் வழியில் இருக்கும் சாங்கு ஏரிக்கும் அதே அனுமதி தேவை என்பதால் அங்கேயும் போக முடியவில்லை. மறுநாள் ஞாயிறு ஊர் திரும்ப விமானம், மாற்று நாள் என்று எதுவும் இல்லை.

சனிக்கிழமை காலை இன்னொன்று தெரிந்தது. "பயணம் முழுக்க ஒரே தனி வண்டி" என்று எழுதிக்கொடுத்திருந்தீர்கள். எங்களை அழைத்து வந்தது மேற்கு வங்கப் பதிவெண் வண்டி. நாதுலா, சாங்கு ஏரிப் பக்கம் சிக்கிம் பதிவெண் வண்டிகள்தான் போகலாம். அனுமதி கிடைத்திருந்தாலும் அந்த வண்டியில் போயிருக்க முடியாது! நாளைக் கெடுக்க வேண்டாமே என்று நாங்களே 4,200 ரூபாய் கொடுத்து உள்ளூர் வண்டி பிடித்து ரும்டெக் மடாலயம் போய்வந்தோம். ரசீது இணைத்திருக்கிறேன். போனில் உங்கள் ஆள் அப்போது சொன்னது, "லோக்கல் வண்டி கஸ்டமர் செலவு".

இதனுடன் ஒன்று. என் மாமியாருக்கு ரத்த அழுத்தம் உண்டு. பதினாலாயிரம் அடிக்கு அழைத்துப்போகப் பணம் வாங்கும் நிறுவனம், கூட வருபவர்களின் உடல்நிலையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மருத்துவரிடம் நாங்களாகத்தான் யோசனை கேட்டோம். இதற்கு நான் பணம் கேட்கவில்லை, உங்கள் முன்பதிவுப் படிவத்தில் ஒரு வரி சேருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பாக்டோக்ரா விமான நிலையத்துக்குப் பத்து மணிக்குக் கிளம்பினால் போதும் என்றீர்கள். விமானம் பிற்பகல் மூன்று மணிக்கு. உங்கள் பேச்சைக் கேட்டிருந்தால் விமானத்தைத் தவறவிட்டிருப்போம். ஓட்டுநர் ஏழு மணிக்கே வந்து கதவைத் தட்டி, வழியில் மண்சரிவு வேலை நடக்கிறது, ஒரு பக்கம்தான் வண்டி விடுகிறார்கள் என்று சொல்லிக் கிளப்பினார். அந்தத் தம்பிக்கு உங்கள் சார்பில் யாராவது நன்றி சொன்னால் நல்லது.

இதற்கெல்லாம் நீங்கள் காட்டுவது, ரசீதின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் "பயணத் திட்டம் மாறுதலுக்கு உட்பட்டது" என்ற வரி. எங்கள் விஷயத்தில் திட்டம் எங்கேயும் மாறவில்லையே. நீங்கள் எழுதியபடியேதான் எல்லாம் நடந்தது, எழுதியதே தவறு. உள்ளூர் ஏஜென்ட் மேல் பழியைப் போடுவதையும் ஏற்க முடியாது. நான் பணம் கட்டியது தியாகராய நகரில், உங்களிடம்.

எனவே கீழ்க்கண்ட தொகையைக் கேட்கிறேன். நாதுலாவுக்காக வாங்கிய 12,500 ரூபாய், நாங்கள் கொடுத்த வண்டி வாடகை 4,200 ரூபாய், கொல்கத்தாவிலும் டார்ஜிலிங்கிலும் பார்க்க முடியாமல் போன இடங்களுக்கு இழப்பீடாக 20,000 ரூபாய். மொத்தம் 36,700 ரூபாய். அடுத்த பயணத்தில் தள்ளுபடி தருவதாகப் போனில் சொன்னீர்கள், அது வேண்டாம். வங்கிக் கணக்கில் பணமாக வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன். அதற்குப் பிறகு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். நான் வசிக்கும் ஊரிலேயே மனு கொடுக்கலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது என்பதை விசாரித்து வைத்திருக்கிறேன்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு இதே சுற்றுலாவை மறுபடி விளம்பரம் செய்திருக்கிறீர்கள். ஞாயிறு புறப்பாடு, திங்கள் அருங்காட்சியகம், வியாழன் உயிரியல் பூங்கா. ஓர் எழுத்தும் மாறவில்லை. எனக்குப் பதில் எழுதும் முன் அதையாவது திருத்துங்கள்.

இணைப்பு: பணம் கட்டிய ரசீது, நீங்கள் தந்த பயணத் திட்டம், துண்டறிக்கை, காங்டாக் வண்டி ரசீது, வாட்ஸ்அப் உரையாடலின் நகல்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பெரம்பூர், சென்னை.