மெஷினை நிறுத்திய அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

நம் மென்பொருள் திட்டத்தில் என்னிடமிருந்து பறித்த கமிட் உரிமை, அதாவது நிரலில் நேரடியாக மாற்றம் சேர்க்கும் அனுமதி, நேற்று திரும்பக் கிடைத்துவிட்டது. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், மறுபடி கிளறவில்லை. நன்றி சொல்லாமல் தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதல் நன்றி மண்டபம் ஊர் ஐஸ் கம்பெனி அண்ணனுக்கு.

என் மேல்முறையீட்டு விசாரணை இணையத்தில், நம் நேரப்படி அதிகாலை இரண்டரை மணிக்கு. மூன்று கண்டத்து ஆட்களுக்கும் ஒத்துவந்த நேரம் அது ஒன்றுதான். அன்று அடித்த வாடைக்காற்றில் பதினோரு மணிக்கே கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் ஓடுகிற இடம் தேடி, லேப்டாப்பும் கையுமாக ஐஸ் கம்பெனி வாசலில் நின்றேன். "ஆபீஸ் ரூம்ல உக்காரு தம்பி" என்றார். என்ன ஏது என்று கேட்கவில்லை.

விடிந்தால் கடலுக்குப் போகும் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிற நேரம் அது. கொக்கி போட்டு இழுத்து வரும் பார்களை மெஷின் நொறுக்கும்போது பக்கத்தில் நிற்பவர் பேச்சே காதில் விழாது. என் முறை வந்தது. மைக்கைத் திறந்து பேசினால், ஒன்றும் கேட்கவில்லை என்கிறார்கள். நிமிர்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். போய் மெஷினை நிறுத்திவிட்டார்.

இருபத்தைந்து நிமிடம். வெளியே இரண்டு குட்டியானை வண்டிகள் காத்து நின்றன. ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. "தம்பிக்கு ஏதோ பஞ்சாயத்தாம், பேசி முடிக்கட்டும்" என்று சொல்லி வைத்திருக்கிறார். அது போதும் எங்கள் கரையில். வலை அறுந்த தகராறு என்றாலும் இரண்டு பக்கமும் பேசாமல் ஊர்க்கூட்டம் முடிவு சொல்லாது. என் உரிமையைப் பறித்தபோது என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வலிதான் எனக்குப் பெரிது.

அப்புறம், என் முறையீட்டை நான்கு தடவை படித்துத் திருத்திய சென்னை அக்கா. தன்னார்வலர்கள் உருவாக்கும் இயங்குதளமான டெபியன் 1998இலேயே அமைப்புச் சட்டம் எழுதி, தலைவர் எடுத்த முடிவையும் உறுப்பினர்கள் வாக்கெடுப்பால் மாற்றலாம் என்று வைத்ததைக் காட்டியவர் அவர்தான். பைத்தான் நிரல்மொழியின் ஐந்து பேர் வழிகாட்டுக் குழுவில் ஒரே நிறுவனத்து ஆட்கள் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியையும் சொன்னார். அதைப் படித்த பிறகுதான், முதலில் தீர்ப்புச் சொன்னவரே மேல்முறையீட்டையும் கேட்பது சரியில்லை என்று துணிந்து எழுதினேன். நம் விதிகளில் மேல்முறையீடு உண்டு என்று ஒரு வரி இருந்தது, யார் கேட்பது என்று இல்லை. நான் எழுதியதை ஏற்றுத் தானாக விலகி நின்ற, முதலில் தீர்ப்புச் சொன்ன திட்டப் பராமரிப்பாளருக்கும் நன்றி. மனதாரச் சொல்கிறேன். பழைய மடல்களைத் தேடி எடுத்துக் கொடுத்த கீழக்கரை நண்பர், பொறுமையாகக் கேட்ட மூன்று நடுவர்கள், அன்று விடியும்வரை விழித்திருந்த அம்மா, எல்லோருக்கும் நன்றி.

புதிய மேல்முறையீட்டு விதியை இந்த மாதமே தமிழில் எழுதித் தருகிறேன். அடுத்து யாராவது இப்படி மாட்டிக்கொண்டால், எந்த நேரமானாலும் கூட உட்கார நான் வருவேன்.

ஐஸ் கம்பெனி அண்ணன் இன்றுவரை முடிவு என்ன என்று கேட்கவில்லை. சாயங்காலம் நானே போய்ச் சொல்ல வேண்டும்.