பழைய இரும்பு

சம்பூர்,
திருகோணமலை.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் சுகம். பன்னிரண்டு நாளாக உன் போன் இல்லை. நீ மிதிவெடி அகற்றும் முகமாலையில் சிக்னல் சரியில்லை என்று அம்மாவைச் சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ கடைசியாக அனுப்பிய படத்தை அவள் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறாள். கவச உடுப்போடு சிரித்துக்கொண்டு நிற்கிறாய். இடக்கை மட்டும் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. சும்மா அப்படி நின்றிருப்பாய்.

முகக்கவசத்தைக் கழற்றாதே. வேர்வையில் கண்ணாடி மங்குகிறது என்றாய். மங்கினால் வெளியே வந்து துடைத்துவிட்டுப் போ. தண்ணீர் குடி. மிதிவெடிக்குள் இருப்பது ஒரு பிடி மருந்துதான் என்று நீ சொன்னது என் ஆறுதலுக்காக என்று தெரியும். அந்த ஒரு பிடியில் கால் போனவர்களை இங்கே தினமும் பார்க்கிறோம்.

வெடிபொருள் அழிக்கும் இரண்டாம் தரப் பயிற்சியை நீ முடித்த செய்தியைச் சந்திக் கடையில் இரண்டு தடவை சொன்னேன். எங்கள் ஊர்ப் பெண் பிள்ளை! ஆனாலும் காளி கோயில் பொங்கலுக்கு நீ வரவில்லை. ஒரு நாள் லீவு கேட்டால் தரமாட்டார்களா?

முதலாம் தரம் படித்தவர் கிடந்த இடத்திலேயே வெடிக்கவைத்து அழிக்கலாம், எடுத்து நகர்த்தலாமா என்று தீர்மானிக்க இரண்டாம் தரம் வேண்டும் என்று நீ விளங்கப்படுத்திய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, மகள்.

2015-இல் காணிக்குத் திரும்பிய புதிதில் கொட்டில் போடக் குழி வெட்டினேன். மண்வெட்டி இரும்பில் பட்டது. கையால் மண்ணை விலக்கினால் வாலில் செட்டை வைத்த செல். 81 மில்லிமீற்றர் மோட்டார் குண்டு என்று பிறகு நீ காட்டிய படத்தில்தான் தெரிந்துகொண்டேன். சொன்னால் நாடா கட்டி வளவை மூடிவிடுவார்கள் என்று பயம். 2006-இல் சண்டைக்குப் பயந்து ஓடி, வாகரை, கிளிவெட்டி என்று அலைந்து ஒன்பது வருடத்துக்குப் பிறகு கிடைத்த வளவு அது. உரப்பையில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டுபோய்த் தோட்டத்துப் பாழுங்கிணற்றில் போட்டேன். மணலில் சில்லுப் புதைந்தபோது பின்னால் தள்ளியது நீதான். பைக்குள் என்ன என்று கேட்டாய். பழைய இரும்பு என்றேன். பையில் கைவைத்துத்தான் தள்ளினாய்.

இத்தனை வருடம் அம்மாவுக்கும் சொல்லவில்லை. துருப்பிடித்தாலும் வெடி செத்துப்போகாது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நீ சொல்லிக்கொடுத்தபோது பின்வாங்கிலில் நானும் இருந்தேன். இப்போது அந்தக் கிணற்றடியில் பெடியன்கள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். பந்து உள்ளே விழுந்தால் இறங்குவார்கள். போன கிழமை முள்ளுக்கம்பி அடித்தேன். அது போதாது.

யாரிடம் அறிவிக்கவேண்டும் என்று எழுது. நானே போய்ச் சொல்கிறேன், என்ன கேட்டாலும் கேட்கட்டும். ஆனால் நீ வராதே. வேறு யாராவது இறங்கட்டும். அந்த ஆளையும் ஒருத்தி பெற்றிருப்பாள், தெரியும். என்றாலும் நீ வேண்டாம்.

பதிலைப் போனில் சொல்லாதே. வேறு ஆளைக்கொண்டும் எழுதுவிக்காதே. உன் இடக்கையால் இரண்டு வரி எழுது. அந்தச் சாய்ந்த எழுத்தைப் பார்க்கவேண்டும் என்கிறாள் அம்மா.

முகக்கவசத்தைக் கழற்றாதே.

அப்பா