உன் திட்டெல்லாம் என் பெயரில்

மாப்ளே,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. மன்னிப்பை நேரில் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. சின்னவள் பள்ளிக்கூடம் போகிறாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம் எழுத்துருமாற்றி நிரலுக்கு மறுபடி வீடு மாற்றினேன், அதாவது அதை வைத்திருக்கும் தளத்தை. 2015 மார்ச்சில் கூகுள் தன் 'கூகுள் கோட்' நிரல் தளத்தை மூடப்போவதாக அறிவித்ததும் மூவரும் டீக்கடையில் உட்கார்ந்து பதறினோமே, இந்தத் தடவை அப்படி யாரும் விரட்டவில்லை. பெர்லினில் ஒரு சங்கம் நடத்தும் கோட்பெர்க் என்ற நிரல் தளத்துக்கு நானாகவே போனேன்.

நிரல் பத்து நிமிடத்தில் போய்விட்டது. நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் மிரர் குளோன், அதாவது முழு நகல், எடுத்தால் கிளை, டேக் எல்லாம் மொத்தமாக வந்துவிடுகிறது, அதை அப்படியே அங்கே தள்ளினால் போதும். விக்கி (குறிப்புப் பக்கங்கள்) தனி ரெப்போ (களஞ்சியம்) என்பதை மறந்து, மொட்டைமாடியில் துணியை விட்டுவந்தவன் மாதிரி திரும்ப ஒரு நடை. இஷ்யூக்கள், அதாவது புகார்களும் அவற்றின் கீழ் நடக்கும் பேச்சும்தான் தகராறு. அவை கிட்டுக்குள் கிடையாது, தளத்தின் டேட்டாபேஸில் கிடப்பவை. கோட்பெர்க்கிலேயே அவற்றை இறக்குமதி செய்ய வசதி உண்டு. ஆனால் நான் யார்? "இருபது வரி பைத்தான் போதும்" என்று உட்கார்ந்தேன். சிரிக்காதே.

ஸ்கிரிப்ட் என் டோக்கனில் (என் கணக்கின் அனுமதிச் சீட்டு) ஓடியதால் எல்லா கமெண்டும் என் பெயரில் விழுந்துவிட்டது. "இதை எழுதியவன் தூக்கத்தில் எழுதினானா?" என்று என்னையே கேட்டுவிட்டு, "தூக்கமில்லை, காய்ச்சல்" என்று நானே பதிலும் சொல்லியிருக்கிறேன். எண்களும் நகர்ந்துவிட்டன. பழைய இடத்தில் இஷ்யூவுக்கும் புல் ரெக்வெஸ்டுக்கும் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) ஒரே வரிசை எண். நான் இஷ்யூவை மட்டும் கொண்டுவந்ததில் 47 போய் 31 ஆகிவிட்டது. கமிட்டுகளில் (பதிந்த மாற்றங்களில்) "47-க்காக" என்று நீ எழுதி வைத்ததெல்லாம் லோகோவின் நிறம் பற்றிய ஒரு சண்டையில் போய் நிற்கிறது.

சிரித்துக்கொண்டேதான் அந்த 31-ஐத் திறந்தேன். வாத்தியார் எழுதியது. 2005-இல் எழுத்துக் குறியீட்டுத் தரமான யூனிகோடு 4.1-இல் ஶ வந்த பிறகு ஸ்ரீ, ஶ்ரீ என்று இரண்டு விதமாகக் குறியேற்றுகிறார்கள், ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படுவதில்லை என்று அவருடைய நீண்ட புகார். "தம்பிகளா, அவசரமில்லை" என்று முடித்திருக்கிறார். மேலே என் பெயர். படிக்க முடியவில்லைடா. அவர் ஒரு கமிட்கூடப் போட்டதில்லை, அதனால் கிட் வரலாற்றில் அவர் பெயரே கிடையாது. அந்தப் பதினொரு இஷ்யூவில்தான் அவர் இருக்கிறார், அதையும் நான் என்னுடையதாக்கியிருக்கிறேன்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். நல்லவேளை, பழைய இடத்தை இன்னும் மூடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய இறக்குமதியிலேயே மறுபடி முதலிலிருந்து செய்யப்போகிறேன். அதில் எழுதியவர் பெயர் அப்படியே தெரியும், எண்ணும் மாறாது. தானியங்கிச் சோதனைக்கு நீ போட்டுவைத்த சாவியை அங்கிருந்து திரும்ப எடுக்க முடியாது, புதிதாக ஒன்று எடுத்து அனுப்பு.

47 இன்னும் திறந்துதான் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வருகிறாயா, உட்கார்ந்து முடிப்போம்? மதியச் சாப்பாடு இங்கேதான்.

உன்
காய்ச்சல்காரன்