மாலை போட முடியாத படம்

மாமா,

வருஷத் திதிக்கு உங்கள் படம் ஒன்று வரைந்து தரச் சொல்லி உங்கள் மகள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடியாது என்று நேற்றுதான் சொன்னேன். "கட்டுக் கட்டா அப்பாவை வரைஞ்சு வச்சிருக்க, ஒரு முகம் போட முடியலையா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டாள். கேள்வி நியாயம்தான். அவளிடம் பதில் சொல்ல வாய் வரவில்லை, உங்களிடம் சொல்கிறேன். அவளும் படிப்பாள். படிக்கட்டும்.

அதற்கு முன், இதைப் படிக்கும் மற்ற சொந்தங்களுக்கு ஒன்று. ஓவிய வகுப்பில் நாங்கள் பார்த்து வரைய மாடலாக நின்றபோது மாமா கைலி கட்டிக்கொண்டுதான் நின்றார். மேலே சட்டை இல்லை, அவ்வளவுதான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் காவடி எடுத்தபோது நீங்கள் பார்க்காத உடம்பா? கல்யாண வீட்டில் பேசியதெல்லாம் அவர் காதுக்குப் போயிற்று.

சரி மாமா. நீங்கள் ஒரு நிலையில் நிற்கும் முப்பது விநாடியில் முகத்துக்கு நேரமே இருக்காது. உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை முதலில் ஒரே கோடு. எடை எந்தக் காலில் இறங்குகிறது, அந்தப் பக்கம் இடுப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது, அதே பக்கத்துத் தோள் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பிடிப்பதற்குள் நீங்கள் அடுத்த நிலைக்குப் போய்விடுவீர்கள். தலைக்கு ஒரு முட்டை போட்டாலே பெரிய விஷயம். ஐந்து நிமிடம், இருபது நிமிடம் நின்றதும் உண்டே என்பீர்கள். உண்டு. அப்போதெல்லாம் வேண்டுமென்றே உங்கள் முதுகுப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். மன்னிக்கணும். ஆனால் முன்னால் உட்கார்ந்தால் அம்மாவின் மூக்கு தெரியும். அம்மாவின் காரியம் ஞாபகம் வரும். அன்றைக்கு நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

"அங்கிள், பழைய வேலையில் செய்த மாதிரி ஏதாவது நில்லுங்களேன்" என்று ஆசிரியர் கேட்ட நாள். ஐந்து நிமிட நிலை. இடது கை பிடரிக்குப் பின்னால் போனது. விரல்கள் அங்கே இல்லாத சாக்கின் மூலையைப் பிடித்தன. கழுத்து முன்னே தள்ளியது, முதுகு வளைந்தது. பாதி நேரத்தில் வலது முழங்கால் நடுங்க ஆரம்பித்தது. "அங்கிள், ரெஸ்ட்?" என்றாள் ஒரு சீனப் பெண். "தாக் ஆப்பா", பரவாயில்லை என்று மலாயில் சொன்னீர்கள், தலையைத் திருப்பாமல்.

மணி அடித்ததும் எந்த மாடலும் கையை உதறிவிட்டு நிமிர்வார். நீங்கள் நிமிரவில்லை. பக்கவாட்டில் மெல்லச் சாய்ந்து, முழங்காலை மடக்கி, மூட்டையைத் தரையில் இறக்கினீர்கள். அது சரிந்துவிடாமல் இருக்கக் காலால் ஒரு தள்ளு வேறு. எல்லோரும் அடுத்த தாளைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் உங்கள் மேலிருந்த கண்ணை எடுக்காமல் கரித்துண்டை ஓட்டினேன். சிற்பி ரோதான்கூட மாடல்களை நடமாடவிட்டு, தாளைப் பார்க்காமலே வரைவாராம். எனக்கு அவர் கை இல்லை. கோடு ரெண்டு இடத்தில் தாளை விட்டே வெளியே போய்விட்டது. ஆனால் அந்தக் காலின் தள்ளு வந்துவிட்டது.

என் கோபமும் அதில்தான் மாமா. பள்ளிக்கூடத்தில் படித்தபோது உங்கள் துறைமுக வேலையைப் பற்றி எத்தனை தடவை கேட்டிருப்பேன்? 1969-இல் பினாங்கு தீர்வையில்லாத் துறைமுகமாக இருந்தது போனதையே திரும்பத் திரும்பச் சொல்வீர்கள். தொங்கான் என்ற சரக்குப் படகிலிருந்து மூட்டையை எப்படித் தூக்கினீர்கள் என்று கேட்டால், "அதெல்லாம் எதுக்கும்மா". யாரோ முன்பின் தெரியாத பிள்ளைகள், ஆளுக்குப் பத்து வெள்ளி போட்டதும், முழுசாக இறக்கி வைத்தீர்கள். தங்கச்சி மகள் பின்னால் உட்கார்ந்து காசு கொடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அப்புறம் அதே காசில் கடை வாசல் நடைபாதையான ஐந்தடியில் உட்கார வைத்து தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தீர்கள். விரலெல்லாம் கரி என்று கிளாஸை நீங்களே என் பக்கம் திருப்பி வைத்தீர்கள்.

ஐசி அடையாள அட்டையில் இருக்கும் படத்தைப் பார்த்து வரையலாமே என்கிறாள் உங்கள் மகள். வரையலாம். கடைத்தெருப் போட்டோக் கடையில் பெரிதாக்கியே தருவார்கள், அதற்கு நான் எதற்கு? மூட்டைப் படத்தை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிற படத்துக்கு யாராவது மாலை போடுவாங்களா?" என்றாள். அதுவும் சரிதான். தவிர, அது மலிவான நியூஸ்பிரிண்ட். இப்போதே ஓரம் மஞ்சளாகிவிட்டது, மடித்தால் ஒடியும். கரி உதிராமல் ஃபிக்சட்டிவ் அடித்து வைத்திருக்கிறேன், ஆனால் தாள் பழுப்பதை அது தடுக்காது. நம் ஊர் ஈரத்துக்கு எத்தனை வருஷம் தாங்கும் என்று தெரியவில்லை.

திதிக்கு வருவேன். உங்கள் மகள் பேசாவிட்டாலும் வருவேன், சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன்.