மதகுக்காரன் இல்லாத நாவல்கள்

நீடாமங்கலம்,
ஐப்பசி, 2025

அன்புள்ள முத்து,

உன் கடிதம் தீபாவளிக்கு முந்தின நாள் கிடைத்தது. பெங்களூரில் மகள் வீட்டில் பொழுது போகாமல் பொன்னியின் செல்வனை மறுபடியும் முதல் பாகத்திலிருந்து ஆரம்பித்திருப்பதாக எழுதியிருக்கிறாய். அதே கடிதத்தில், பக்கத்தைத் திருப்பினால், காவேரியில் கர்நாடகா கட்டப் பார்க்கிற மேகதாது அணை பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டிருக்கிறாய். உனக்கு அது ரெண்டு கேள்வி. பொதுப்பணித்துறையில் வெண்ணாற்றுக் கரையிலேயே சர்வீஸை முடித்தவனுக்கு ரெண்டும் ஒன்றுதான். அதனால் சேர்த்தே பதில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். எனக்கு முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. பெரியவன் திருச்சியிலேயே இருக்கிறான். பேத்தி பிளஸ் டூ. தமிழ் நன்றாகப் படிக்கிறாள், ஆனால் நாவல் என்றால் சினிமாவாக வந்தால் பார்க்கிறேன் தாத்தா என்கிறாள். 2022-லும் 23-லும் படம் வந்தபோது, குந்தவை யார் நந்தினி யார் என்று என்னிடம் கேட்டுக் கேட்டுத்தான் பார்த்தாள். அந்த மட்டும் கிழவனுக்கு ஒரு உபயோகம்.

சரி, கல்கிக்கு வருவோம். 1950-லிருந்து 54 வரை வாரா வாரம் வந்த கதை. நாம் படித்தது உங்கள் அப்பா பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்து வைத்திருந்த பைண்டிங்கில், ஓவியர் மணியம் படங்களோடு. அப்போது எனக்கு வந்தியத்தேவன் குதிரை மட்டும்தான் கண்ணில் பட்டது. வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு தடவை எடுத்துப் படித்தேன். முதல் அத்தியாயத்திலேயே அசந்துவிட்டேன். ராஜ ரகசியத்தையும் வாள் சண்டையையும் எழுதப் போகிற மனுஷன் கதையை எங்கே தொடங்குகிறார்? ஆடிப்பெருக்கு அன்று, வீரநாராயண ஏரிக்கரையில். அந்த ஏரிக்கு எழுபத்து நான்கு கணவாய், அதாவது மதகு, என்று கணக்கு வேறு சொல்கிறார். கதைக்கு அந்தக் கணக்கு தேவையே இல்லை. மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்தவருக்கு, தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று சொல்லாமல் ஒரு ஏரியைத் தாண்டிப் போக மனசு வரவில்லை, அவ்வளவுதான். அந்த ஒரு பக்கத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். அப்புறம் ஐந்து பாகத்திலும் எத்தனையோ வருகிறது, மதகில் நின்ற ஆள் ஒருத்தன் பெயரோடு வந்ததாக எனக்கு நினைவில்லை. உனக்கு இருந்தால் பக்கம் போட்டு எழுது.

சாண்டில்யன் கதை வேறு. கடல் புறாவுக்காக குமுதம் வருகிற அன்று பஸ் ஸ்டாண்ட் கடையில் நாம் காத்துக் கிடந்ததை மறக்க முடியுமா? இன்றைக்கு எடுத்தால் என்னால் நாற்பது பக்கம் தாண்ட முடியவில்லை. ஒரு பெண்ணை அவர் வர்ணித்து முடிப்பதற்குள் மேட்டூர் தண்ணீர் கடைமடைக்கே போய்விடும். கப்பல் சண்டை மட்டும் இப்போதும் ஜோர்.

பாலகுமாரனின் உடையாரை நீ ஒதுக்கித் தள்ளியிருந்தாய், ரொம்ப இழுவை என்று. இழுவைதான், ஆறு பாகம் என்றால் இழுக்காமல் என்ன செய்வது? ஆனாலும் அவர் பழமார்நேரிக்காரர்; கோயில் கட்டுவதையே கதையாக வைத்தார். கல் எங்கிருந்து வந்தது, யார் இழுத்தார்கள், அவர்களுக்குச் சோறு எங்கே வெந்தது என்று யோசித்த ஒருத்தராவது நமக்குக் கிடைத்தாரே. நம் சரித்திர நாவல்களில் ராஜா பல்லக்கில் போவார், பல்லக்கு யார் தோளில் போகிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டில் பராந்தகன் காலத்தில் ஏரி வாரியம் என்றே ஒரு குழு இருந்ததாகப் படித்திருக்கிறோம். ஒரு வருஷம் அந்த வாரியத்தில் உட்கார்ந்தவனுக்கு எவ்வளவு தகராறு வந்திருக்கும்! கரையை வெட்டியவன், முறை மாற்றித் திருப்பியவன், மீனுக்காக மதகை அடைத்தவன். ஒரு கொலைச் சதியை விட அதில் கதை அதிகம். யாரும் எழுதவில்லை.

ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர் எல்லாம் இலக்கியமா என்று உன் மாப்பிள்ளை சிரித்ததாக எழுதியிருக்கிறாய். அவரிடம் நான் சொன்னதாகச் சொல்: எங்கள் நீடாமங்கலம் மூணாறு தலைப்பு மதகில் ராத்திரி டியூட்டி பார்த்திருந்தால் சிரித்திருக்க மாட்டார். வெண்ணாறு அங்கேதான் கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது. வெள்ள நாட்களில் மணிக்கொரு தரம் அளவு பார்த்து எழுத வேண்டும். நடுவில் தூங்கினால் விடிவதற்குள் எந்தக் கரை உடையும் என்று சொல்ல முடியாது. டார்ச் வெளிச்சத்தில் பாக்கெட் நாவல்தான் எங்களை விழிக்க வைத்தது. மதகைத் திறந்து மூடுகிற எங்கள் லஸ்கர் ஒருத்தர் பாதிக் கதையிலேயே கொலைகாரனைச் சொல்லிவிடுவார். அவரிடம் புத்தகம் கொடுப்பதையே நிறுத்தினோம்.

அந்த லஸ்கர் மாதிரி ஆட்களைத்தான் எந்த நாவலிலும் காணோம் என்கிறேன். தி.ஜானகிராமன் நம் மன்னார்குடிப் பக்கத்துத் தேவங்குடிக்காரர். மோகமுள்ளைப் படித்தால் கும்பகோணத்துக் காவேரியின் வாசனையே வரும், ரங்கண்ணாவின் தம்பூரா காதில் விழும். படித்துறை வரைக்கும் அவர் ராஜா. படித்துறையைத் தாண்டி வாய்க்காலுக்குள் தண்ணீர் போன பிறகு, அதில் இறங்கி நின்றவர்களை எழுத வேறு ஆட்கள் வரவேண்டியிருந்தது.

1968 டிசம்பர் 25 உனக்கு ஞாபகம் இருக்கும். நாம் பள்ளிக்கூடப் பையன்கள். கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களை ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தி 44 பேர் செத்தார்கள். நம் வீடுகளில் பெரியவர்கள் அதைக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். பேசிய விதத்திலேயே யார் எந்தப் பக்கம் என்று தெரிந்தது. அதை வைத்து இந்திரா பார்த்தசாரதி குருதிப்புனல் எழுதினார், 1977-ல் சாகித்ய அகாதெமி விருதும் வாங்கினார். சோலை சுந்தரபெருமாள் செந்நெல் எழுதினார். பொன்னியின் செல்வனை எத்தனை பேர் படித்தார்கள், செந்நெல்லை எத்தனை பேர் படித்தார்கள்? நம் செட்டிலேயே கேட்டுப் பார். சோழ நாடு சோறுடைத்து என்று மேடையில் சொல்லும்போது கைதட்டுகிறோம், அந்தச் சோற்றுக்கு நாற்று நட்டவளின் கூலிக் கணக்கு வந்தால் புத்தகத்தை மூடிவிடுகிறோம்.

இதைத்தான் மேகதாதுவிலும் பார்க்கிறேன். டிவியில் காவேரி விவாதம் வந்தால் கரிகாலனில் ஆரம்பிக்கிறார்கள், மானம் ரோஷம் எல்லாம் வருகிறது. ஒருத்தர் வாயிலும் கணக்கு வராது. 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்னது, நமக்கு எல்லையில் தண்ணீர் அளக்கிற பிலிகுண்டுலுவில் வருஷத்துக்கு 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி). அதற்கு முன்னால் காவேரி நடுவர் மன்றம் கொடுத்தது 192. குறைத்த 14.75-ல் 4.75 உன் பெங்களூர் குடிதண்ணீருக்கு. அதை நான் மனதார ஒப்புக்கொள்கிறேன். நீ குடிக்கிற தண்ணீருக்கு நான் கணக்குப் பார்ப்பேனா? விஷயம் எங்கே இருக்கிறது என்றால், மாத வாரியாகத்தான். ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24 என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நல்ல மழை பெய்தால் கர்நாடகா பிடித்து வைக்க இடமில்லாமல் தானே திறந்துவிடும். இந்த வருஷம் ஜூன் கடைசியிலேயே மேட்டூர் 120 அடியைத் தொட்டது. மழை பொய்த்த வருஷத்தில்தான் தகராறு. 2023-ல் குறுவை நெல் கண்ணெதிரே கருகியது. மேலே மேகதாதுவில் 67 டிஎம்சிக்கு ஒரு அணை வந்துவிட்டால் அந்த மாதிரி வருஷத்தில் மதகு யார் கையில் இருக்கும் என்பதுதான் என் கவலை. அணையை யார் கட்டுகிறார்கள், எந்தக் கட்சி ஆள்கிறது என்பதெல்லாம் அப்புறம். அந்த ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற ஆள் கிடைத்தால் நான் விவாதத்தை முழுசாகப் பார்ப்பேன்.

நம் பக்கத்திலும் குற்றம் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் எனக்கு உறக்கம் வராது. கர்நாடகாவிடம் சண்டை போட்டு வாங்கிய தண்ணீர் ஆகாயத்தாமரையில் மாட்டிக்கொண்டு கடைமடையான தலைஞாயிறு பக்கம் போய்ச் சேர்வதில்லை. தூர்வாருகிறார்கள், ஆனால் தண்ணீர் திறக்கிற நேரம் வந்த பிறகு பொக்லைன் இறங்குகிறது. துறைக்குப் பேர் இப்போது நீர்வளத் துறை. பேர் நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் காலத்தில் ஒரு மதகுக்கு ஒரு ஆள் நின்றான். இப்போது ஒரே ஆள் சைக்கிளை மிதித்துக்கொண்டு பல மதகுகளுக்கு ஓடுகிறான்.

இந்த ஐப்பசியில் நெல்தான் ஊர்ப் பேச்சு. ஜூன் 12-ல் சரியாக மேட்டூரைத் திறந்தார்கள், குறுவை அமோகம். அறுத்துக் கொண்டுவந்து கொட்டினால் மழை. என் மச்சினனுடைய நெல், கொள்முதல் நிலையத்து வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். இவன் நெல்லுக்கு 21 காட்டுகிறது. காயப்போட ரோடு தவிர இடமில்லை, ரோட்டில் போட்டால் மறுபடி மழை. 22 வரைக்கும் தளர்த்தச் சொல்லி மாநில அரசு டெல்லிக்குக் கேட்டிருக்கிறது. அதற்குள் அடிமூட்டைகளில் முளை கிளம்பிவிட்டது. தண்ணீர் இல்லாத வருஷம் தண்ணீருக்கு அழுதோம், தண்ணீர் வந்த வருஷம் சாக்குக்கும் தார்ப்பாய்க்கும் அழுகிறோம். மச்சினனுக்குக் கோபம் மழை மேல் இல்லை. ஜூனில் இத்தனை ஏக்கர் நட்டது எல்லோருக்கும் தெரியும், ஐப்பசியில் இத்தனை மூட்டை வரும் என்று கூட்டிப் பார்க்க ஒரு ஆள் இல்லையா என்கிறான். அவன் கேள்வியில் நான் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்.

உடையாரின் நாலாவது பாகம் உன்னிடம் இருக்கிறது, நீ இல்லை என்று சொன்னாலும் இருக்கிறது. தையில் வரும்போது கொண்டு வா. செந்நெல் என் பிரதியை நாளைக்குக் கூரியரில் போடுகிறேன். மாப்பிள்ளைக்கும் கொடுத்துப் படிக்கச் சொல். நீ மட்டும் பேனாவால் ஓரத்தில் கிறுக்காதே.

சகோதரிக்கு என் விசாரிப்பைச் சொல்.

உன்
கோவிந்தராஜன்