கவுன்சிலர் அக்காவுக்கு ஒரு கடிதம்: அந்தக் காலி இடத்துக்கு வேலி வேண்டாம்

அன்புள்ள கவுன்சிலர் அக்காவுக்கு,

வணக்கம். சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெரு முனையில், பழைய குழாயடியை ஒட்டிய காலி இடத்தில் சிறுவர் பூங்கா வரப்போகிறது என்று சொன்னீர்கள். ரொம்ப சந்தோஷம். எஸ்டிமேட் போடுவதற்கு முன்பே சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. தெருக்காரர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

வழக்கமாக என்ன வரும் என்பது உங்களுக்கே தெரியும். ஒரு சறுக்குமரம், ரெண்டு ஊஞ்சல், சுற்றிலும் கம்பி வேலி, ஒரு கேட், அதற்கொரு பூட்டு. பக்கத்து ஏரியாவில் ஒரு பூங்கா அப்படித்தான் இருக்கிறது. மே மாத மதியத்தில் அந்தத் தகரச் சறுக்கில் கை வைக்க முடியாது. வெயில் தாழ்ந்து பிள்ளைகள் வரும்போது பூட்டைத் திறக்க ஆள் இருப்பதில்லை. வேலிக்கு வெளியே, ரோட்டில்தான் விளையாடுகிறார்கள்.

நம் காலி இடத்துக்கு ஒரு நாள் சாயந்தரம் ஐந்து மணிக்கு வாருங்கள் அக்கா. சுவரில் செங்கல் துண்டால் இழுத்த மூன்று கோடுதான் ஸ்டம்ப். சாக்கடை மூடியைத் தாண்டினால் ரெண்டு ரன். தறிக்கூடத்து ஓட்டில் பந்து விழுந்தால் அவுட், எடுத்து வருவதும் அடித்தவன் வேலை. யாராவது "வண்டி!" என்று கத்திவிட்டால் போட்ட பந்து செல்லாது. குழாயடியில் ஒரு சிமெண்ட் திட்டு இருக்கிறதே, காலையில் அதில் குடங்கள் நிற்கும். சாயந்தரம் சின்னப் பெண்களுக்கு அதுதான் மளிகைக் கடை. உடைந்த ஓட்டுத் துண்டுகள் காசு. இருட்டிய பிறகு, தறியை விட்டு எழுந்து வரும் பெரியவர்கள் அதில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். இன்னதற்குத்தான் என்று கட்டாததால் அந்தத் திட்டு எல்லாருக்கும் பயன்படுகிறது.

இதைப் புரிந்துகொண்டு ஒரு நகரத்துக்கே செய்து காட்டியவர் ஆல்டோ வான் ஐக் என்ற டச்சுக் கட்டடக் கலைஞர். இரண்டாம் உலகப் போர் முடிந்திருந்த சமயம், ஆம்ஸ்டர்டாம் மாநகராட்சியில் வேலை பார்த்தார். 1947-ல் ஒரு சின்னச் சதுக்கத்தில் முதல் விளையாட்டிடத்தை அமைத்தார். அகலமான கான்கிரீட் விளிம்பு வைத்த மணல்தொட்டி, தாவிக் குதிக்க வட்டமான கல் திட்டுகள், தொங்கிப் புரள இரும்புக் கம்பிகள், பெஞ்ச், மரம். அவ்வளவுதான். யானை மாதிரி, ராக்கெட் மாதிரி எதையும் வைக்கவில்லை. அது யானையா ராக்கெட்டா என்பதைப் பிள்ளைகள் முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார். பெரும்பாலானவற்றுக்கு வேலியும் கிடையாது. எங்கள் தெருவுக்கும் ஒன்று வேண்டும் என்று மக்கள் மனு எழுத ஆரம்பித்தார்கள். வீடு இடிந்து கிடந்த மனைகள், மூலை முடுக்குகள் என்று 1978 வரை எழுநூறுக்கும் மேல் அமைத்தார். எழுநூறும் பெரிய மைதானங்கள் இல்லை என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வேன். நம் குழாயடி மாதிரி இடங்கள்!

சேலத்தில் கற்பனைக்குப் பஞ்சமா என்ன? குகைப் பகுதியில் ஆடித் திருவிழாவின்போது, சாமி வேஷம் போட்டவர்கள் வண்டிகளில் வரும் வண்டி வேடிக்கை பார்க்கிறோமே, அதைவிடவா? மற்ற நாளில் லோடு ஏற்றும் வண்டி அன்றைக்குக் கயிலாயம் ஆகிறது. நம்மோடு டீ குடிக்கிற ஆள் சிவனாக அதன் மேல் நிற்கிறார், தெரு முழுக்கக் கையெடுத்துக் கும்பிடுகிறது. நம் தெருவிலேயே காலையில் தறிக்கான பாவு நூலை நீட்டுகிறார்கள், சாயந்தரம் அங்கேதான் கிரிக்கெட். ஒரே இடத்தைப் பல விதமாகப் பார்க்கும் கண் இந்த ஊருக்கு எப்போதோ வந்துவிட்டது. மூக்கனேரியைத் தூர்வாரியபோதுகூட, எடுத்த மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாக்கி மரம் வைத்தார்கள். இன்றைக்கு அங்கே பறவைகள் அடைகின்றன.

அதனால் என் வேண்டுகோள் பெரிய செலவு வைக்காது. குழாயடித் திட்டை இடிக்க வேண்டாம். அதே உயரத்தில் இன்னும் சிலவற்றை, சிறிதும் பெரிதுமாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். ஒரு மணல்தொட்டி, உட்காரும் அளவுக்கு அகலமான விளிம்போடு. மழைத் தண்ணீர் வடிய வழியும், நாய்கள் அசிங்கம் செய்யாமலிருக்க ராத்திரியில் மூடி வைக்க ஒரு வலையும் வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் வெயிலுக்கு ஏங்குவார்கள். நமக்கு நிழல்தான் முதல் தேவை. புங்கனும் வேம்பும் இந்த மழைக்கே நட்டுவிடலாம், தண்ணீர் ஊற்றுவது எங்கள் பொறுப்பு. கிரிக்கெட் சுவரைப் பூசுங்கள், ஆனால் திருக்குறளோ தலைவர் படமோ எழுதாமல் காலியாக விடுங்கள். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு வேகத்தடை வையுங்கள், பிள்ளைகளுக்கு வேலி வேண்டாம்.

அப்புறம் ஒன்று. இன்ஜினியர் சார் அளவெடுக்க வரும் நாளை முன்கூட்டியே சொல்லுங்கள் அக்கா. பள்ளிக்கூடம் விட்ட பிறகு வந்தால் நல்லது. எந்த மூலையில் என்ன நடக்கிறது என்று பிள்ளைகளே அவரைக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள்.

அன்புடன்,
உங்கள் வார்டுக்காரன்