சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. நாள்களையும் அச்சிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நோய்க்கால விடுப்புக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசு காப்பீட்டுத் திட்டம்) பணம் தரும் என்பதே திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளர் பலருக்கு டெங்குவோ மஞ்சள்காமாலையோ வந்து படுத்த பிறகுதான் தெரிகிறது. ஓடிப்போய்க் கேட்டால், "உங்களுக்கு நாள் போதவில்லை" என்கிறார்கள்.

நாளுக்கு 600 ரூபாய் கூலியில் மாதம் 26 நாள் வேலை செய்பவரிடம் 117 ரூபாய் பிடிக்கிறார்கள் (0.75%). நிர்வாகத்தின் பங்கு 507 ரூபாய் (3.25%). இவர் நோயில் படுத்தால் கூலியில் 70%, அதாவது நாளுக்கு 420 ரூபாய், ஆண்டுக்கு 91 நாள் வரை பெறலாம். முதல் 2 நாளுக்குக் கிடையாது. ஆக 10 நாள் விடுப்புக்கு 3,360 ரூபாய். மருத்துவச் சான்றிதழை இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் வாங்குவதே நல்லது. தெருமுனை டாக்டர் சீட்டை மட்டும் நீட்டினால் இழுபறிதான்.

ஆனால் அரையாண்டில் 78 நாள் சந்தா பதிவாகியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. பிப்ரவரியில் படுத்தவருக்கு ஜனவரிப் பிடித்தம் உதவாது. போன ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை எத்தனை நாள் ஏறியது என்றுதான் பார்ப்பார்கள்.

கோளாறு இங்கேதான். 26 நாள் வேலை வாங்கிக்கொண்டு, 12 நாள் என்று ஆன்லைனில் ஏற்றும் கம்பெனிகள் உண்டு. 12 நாள் கூலிக்கு மட்டும் கணக்குக் காட்டினால், சந்தாவில் பாதிக்கு மேல் மிச்சம். மாதம் 12 என்றால் ஆறு மாதத்துக்கு 72. ஆறே நாள் குறைந்ததில் 91 நாள் உரிமையும் போச்சு! (மகப்பேற்றுக்கு 70 நாள் போதும், அதையும் முந்தைய இரண்டு அரையாண்டுகளில் பார்க்கலாம்.)

சம்பளச் சீட்டில் பிடித்த தொகை இருக்கிறது, பதிவான நாள் இல்லை. அதையும் அச்சிட அரசு ஆணையிட வேண்டும். அதுவரை, சந்தா கட்டக் கடைசி நாளான அடுத்த மாதம் 15ஆம் தேதி கழிந்ததும், இன்சூரன்ஸ் எண்ணை வைத்து இ.எஸ்.ஐ. இணையதளத்தில் மாதாமாதம் பாருங்கள். குறைந்திருந்தால் பஞ்சிங் (வருகை) பதிவையும் கூலி ஏறிய வங்கிக் கணக்கு விவரத்தையும் இணைத்துக் கிளை அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

- வாசகர், திருப்பூர்